பெரியப்பா ஓடிய கதை

எங்கள் ஊரில் என் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டால் வயதானவர்கள் இன்றைக்கும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். "ஆர், நடக்க ஏலாது எண்டு கிடந்திட்டுப் பொம்பருக்கு ஓடின மனுசனோ?" என்பார்கள். பொம்பர் என்றால் குண்டு போட வரும் விமானம். அந்த ஓட்டத்தை நேரில் கண்டவர்கள் எங்கள் வளவுக்குள் இருந்த நாலைந்து பேர்தான். ஆனால் சண்டிலிப்பாயில் பாதிப் பேர் தாங்களும் பார்த்ததாகவே சொல்லித் திரிந்தார்கள். ஓடும்போது அவருடைய கையில் இருந்தவள் நான். ஆகவே அந்தக் கதையைச் சொல்ல மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலான உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். ஒரே வளவுக்குள் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள், நடுவில் பெரிய முற்றம், வளவுக்குப் பின்னால் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான புகையிலைத் தோட்டமும் கிணறும். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் நானும் தம்பியும் காலைச் சாப்பாட்டை எங்கள் வீட்டிலும் மற்றதையெல்லாம் அவர்கள் வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தோம். பெரியம்மாவின் கத்தரிக்காய்க் குழம்புக்கு முன்னால் அம்மாவின் சமையல் எடுபடாது. அது அம்மாவுக்கும் தெரியும்.

பெரியப்பாவுக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்தது அவருடைய நடை. அவரோடு கதைத்துக்கொண்டு போகவேண்டுமென்றால் சைக்கிளில் போனால்தான் சரிவரும் என்று அப்பா சொல்வார். மானிப்பாய்ச் சந்தைக்கு வெயிலேற முன்னரே நடந்து போய்த் திரும்பிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரின் கால்தான் நின்றது.

முதலில் நின்றது கால் அல்ல, சிரிப்பு. ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வந்த பிறகு, "உங்கடை பெரியப்பாவுக்கு என்ன தடிப்பு, கண்டும் காணாத மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு நிக்கிறார்" என்று சொந்தக்காரர்கள் குறைப்பட்டார்கள். பிறகு வலது கைப் பெருவிரல் சுட்டுவிரலோடு உரசத் தொடங்கியது. சும்மா இருக்கும்போதெல்லாம் சுருட்டுச் சுற்றுவது போல விரல்கள் உருட்டிக்கொண்டே இருக்கும். புகையிலைக்காரனின் கை அல்லவா, அது யாருக்கும் புதினமாகப் படவில்லை. "அண்ணை கனவிலையும் சுருட்டுத்தானோ?" என்று பகிடி விட்டார்கள். குரல் இறங்கியது. நடை சுருங்கியது.

அது மண்ணெண்ணெய் கண்ணில் படாத காலம். சண்டையால், தெற்கிலிருந்து சாமான் வருகிற ஆனையிறவுப் பாதை பூட்டிக் கிடந்தது. தண்ணீர் இறைக்கிற மோட்டரைச் சாக்குப் போட்டு மூடி மூலையில் வைத்துவிட்டு, பழைய துலாவுக்கு எல்லோரும் திரும்பியிருந்தார்கள். கிணற்றடியில் உயரமாகக் கிடக்கும் அந்த நீண்ட மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க வேண்டும். அவர் முன்னே போக, நீர் அள்ளும் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னே வர நீரோடு எழும்பும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். பெரியப்பா மேலே, அப்பா கீழே. பையன்களாக இருந்த காலத்திலிருந்து அவர்களுக்குள் அதுதான் ஒழுங்கு.

ஒரு நாள் காலையில் பட்டை பாதிக் கிணற்றில் தொங்கியபடி நின்றுவிட்டது. அப்பா அண்ணாந்து பார்த்தார். பெரியப்பா துலாவின் நடுவில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்தபடி நின்றார்.

"அண்ணை, என்ன செய்யுறியள்? மிதியுங்கோவன்!"

கால் எழும்பவில்லை. அப்பா மேலே ஏறி, அவரைக் கட்டிப்பிடித்துக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. தரைக்கு வந்ததும் இரண்டு எட்டு எடுத்துவைத்தார், சரியாகவே நடந்தார். வேலிக் கதவான படலையடிக்கு வந்தபோது மறுபடி நின்றார். பாதம் இரண்டும் மண்ணோடு ஒட்டிப்போனது போல இருந்தது. உடம்பு முன்னே சாய்கிறது, கால் வரவில்லை.

அதற்குப் பிறகு துலாவில் அப்பா ஏறினார், கீழே அம்மா பட்டை பிடித்தார். இரண்டு வீட்டுக்குமான தோட்டத்தை ஒருவர் காலால் இறைப்பதென்றால் சும்மா இல்லை. அப்பா மத்தியானம் வரும்போது அவருடைய கெண்டைக்கால்கள் துடித்துக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு விறாந்தையில் பெரியப்பா கதிரையில் இருப்பார். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் போய் முகம் கழுவுவார்.

யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வைத்தியர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார், கதவால் போய்வரச் சொன்னார். பிறகு, காலில் ஒன்றும் இல்லை, மூளையில் சுரக்க வேண்டியது குறைகிறது, அதற்குக் குளிசை இருக்கிறது, ஆனால் கொழும்பிலிருந்து வரவேண்டும், பாதை திறந்தால் பார்க்கலாம் என்றார். பெரியம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"காலிலை வருத்தம் எண்டு போனால் தலையிலை பிழை எண்டுறார். இவருக்குத் தலையிலை என்ன குறை? போன வருசம் எந்தப் பாத்தியிலை எத்தினை கண்டு பட்டதெண்டு இப்பவும் சொல்லுவார்."

மூளையில் வருத்தம் என்றால் ஊரில் அதற்கு விசர், பைத்தியம் என்று பெயர். பெரியம்மா அந்தச் சொல்லைப் படலைக்கு வெளியே போகவிடவில்லை. அம்மாவிடம்கூட நெடுநாள் சொல்லாமல் வைத்திருந்தார். நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நரம்புத் தொகுதி பாடம் வரும்போது கரும்பலகையில் மூளையையும் முண்ணாணையும் கீறிவிட்டு, "கட்டளை மேலே பிறக்குது, கால் வெறும் வேலையாள்" என்று சொல்வேன். பிள்ளைகள் ஒரு மறுப்பும் இல்லாமல் எழுதிக்கொள்வார்கள். பெரியம்மா அந்த வகுப்பில் இருந்தால் எழும்பிப் போயிருப்பார்.

வைத்தியரின் சொல்லைத் தள்ளிய பிறகு வேறு காரணம் ஒன்று தேவைப்பட்டது. அது படலையடியிலேயே கிடைத்தது. மனிதர் முற்றத்தில் நடக்கிறார், படலைக்கு வந்தால் நிற்கிறார். அப்படியென்றால் படலைக்குக் கீழே எவரோ எதையோ புதைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மை வெளிச்சம் பார்க்கிற ஒருவர் வந்தார். வெற்றிலையில் மை தடவி, அதற்குள் உற்றுப் பார்த்து, "வாசலிலை கட்டுக் கிடக்குது" என்றார். அப்பா மண்வெட்டியோடு இறங்கினார். கொஞ்ச ஆழத்தில் துருப்பிடித்த மாட்டு லாடம் ஒன்றும் உடைந்த வளையல் துண்டு ஒன்றும் வந்தன. எங்கள் ஊர் வண்டிப் பாதையில் எங்கே வெட்டினாலும் அந்த இரண்டும் வரும். ஆனாலும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். கழிப்புக் கழித்து, பூசினிக்காய் வெட்டி, லாடத்தைக் கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள்.

மறுநாள் பெரியப்பா அதே படலையில் அதே இடத்தில் நின்றார்.

இடமே சரியில்லை என்று பெரியம்மா முடிவெடுத்தார். அப்பா வேலியைப் பிரித்து, கதியால் மாற்றி நட்டு, படலையைக் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றினார். இறைப்பு வேலையோடு இதுவும் சேர்ந்தது. புதுப் படலைக்குப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பழைய படலைக்கு எந்தக் குறைவும் வைக்காமல் அங்கேயும் நின்றார். அப்பா மண்வெட்டியைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனார்.

இப்படியிருக்கும்போதுதான் நாங்கள் முற்றத்தில் கிளித்தட்டு மறித்து விளையாடினோம். அடுப்புச் சாம்பலை அள்ளி முற்றத்தில் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தோம். பெரியப்பா கிணற்றடிக்குப் போக எழும்பி, விறாந்தை ஓரத்தில் வழக்கம்போல் ஒட்டிப்போய் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்பதை நாங்கள் கவனிப்பதை விட்டு நாளாகியிருந்தது. திடீரென்று அவர் முற்றத்தில் இறங்கினார். முதல் கோட்டை நெட்டாக ஒரு கால் எடுத்துக் கடந்தார். அடுத்த கோடு. அடுத்தது. பழைய நடை, நீளமான எட்டு, தலை நிமிர்ந்திருந்தது. அவரும் விளையாட வந்துவிட்டார் என்று நினைத்து, மறித்துக்கொண்டு நின்ற தம்பி பாய்ந்துபோய் அவருடைய முதுகில் அடித்து, "பெரியப்பா அவுட்!" என்று கத்தினான். கோடுகள் முடிந்த இடத்தில் பெரியப்பா நின்றார். அதற்குப் பிறகு கால் அசையவில்லை.

பெரியம்மா இடுப்பில் குடத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்திலிருந்து வந்த அப்பாவும் பார்த்தார்.

"கிளித்தட்டுக்குக் கால் வருது," என்றார் அப்பா, அம்மாவிடம் சொல்வது போல, ஆனால் முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "துலாவுக்கு மட்டும் வருகுதில்லை."

"அவர் வேணுமெண்டு செய்யேல்லைத் தம்பி," என்றார் பெரியம்மா. "எனக்குத் தெரியாதோ அவரை?"

அடுத்த நாளிலிருந்து பெரியம்மா விடிய முற்றம் கூட்டியதும் சாம்பலால் கோடு போட்டார். விறாந்தையிலிருந்து கிணற்றடிக்கு ஒரு வரிசை, மாமரத்தின் கீழ் பதுங்குகுழியாக வெட்டியிருந்த பங்கருக்கு ஒரு வரிசை. பெரியப்பா ஒவ்வொன்றாகக் கடந்து போவார். ஆனால் சாம்பல் கோட்டின் ஆயுள் கோழி இறங்கும் வரைக்கும்தான். வெயிலேறும்போது கோடும் இருக்காது, நடையும் இருக்காது.

பொம்பர் வருவதோ கோழிகள் கோட்டைக் கிளறிய பிறகுதான். சத்தம் கேட்டதும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குவார். பனங்குற்றி அடுக்கி மண் மூடை போட்ட பங்கர் அது. அதன் வாயிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு விறாந்தை நேராகத் தெரியும். அந்த விறாந்தை ஓரத்தில் பெரியப்பா நிற்பார். அவருடைய கையைப் பிடித்தபடி பெரியம்மா நிற்பார்.

"அக்கா, வாங்கோ! அவரைப் பிள்ளையளின்ரை அப்பா வந்து கூட்டிவருவார்!" என்று அம்மா கத்துவார். அப்பா பெரும்பாலும் தோட்டத்தில் வாய்க்காலுக்குள் படுத்திருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நீ பிள்ளையளைப் பார். நாங்கள் வாறம்."

அவர்கள் வரமாட்டார்கள். பெரியப்பா வாய்க்குள் ஏதோ சொல்வது தெரியும். "நீ போ" என்றுதான் சொல்வாராம். பெரியம்மா அதைக் காதில் வாங்கியதில்லை. பொம்பர் தன் வேலையை எங்கேயோ முடித்துக்கொண்டு போனபின் நாங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வருவோம். பெரியம்மா அவருடைய கையை விட்டுவிட்டு, "கறி அடிப்பிடிச்சிருக்கும்" என்று குசினிக்குள் போவார். இரண்டு பேரும் ஒருநாள் அந்த இடத்திலேயே போய்விடப் போகிறார்கள் என்று அம்மா ஒவ்வொரு தடவையும் அழுதார். எனக்கும் பயமாக இருந்தது. பெரியம்மா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த நாள் வந்தது ஒரு பள்ளிக்கூடம் இல்லாத காலையில். முற்றத்து நடுவில் பாயில் மிளகாய் காய்ந்தது, நான் தடியோடு கோழி கலைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தூரத்தில் இரைச்சல் கேட்கும், ஆயத்தப்பட நேரம் இருக்கும். அன்றைக்கு அது பனைமரங்களின் தலைக்கு மேலேயே பிறந்தது போல வந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா பங்கருக்குப் பாய்ந்ததைக் கண்டேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. ஓட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கால் வரவில்லை. தடியைப் பிடித்தபடி நின்றேன். அப்போது எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை, காலில் ஒரு நோயும் இல்லை.

விறாந்தை ஓரத்தில் பெரியம்மா பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பெரியப்பா உதறினார். பெரியம்மா தூணோடு அடிபட்டு விழுந்தார். பெரியப்பா படியைக்கூட மிதிக்காமல் முற்றத்தில் குதித்தார், ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். மிளகாய்ப் பாயின் மேலாகவே வந்து என்னை அரையில் வாரித் தூக்கினார். அவருடைய நெஞ்சு என் காதில் இடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது பங்கரின் இருட்டும், தலையில் கொட்டிய மண்ணும்தான். பக்கத்து வயலுக்குள் எங்கோ விழுந்து நிலம் குலுங்கியது.

சத்தம் ஓய்ந்ததும் அம்மா என்னைத் தடவித் தடவிப் பார்த்தார். பெரியப்பா மண் சுவரோடு சாய்ந்திருந்தார். அவருடைய விரல்கள் மறுபடி சுருட்டுச் சுற்றத் தொடங்கியிருந்தன. வெளியே வரச் சொன்னபோது அவரால் எழும்ப முடியவில்லை. அப்பா வந்துதான் இழுத்து எடுத்தார். கிணற்றடி வாய்க்காலில் படுத்திருந்த அப்பா எல்லாவற்றையும் கண்டிருந்தார்.

பெரியம்மா விறாந்தையில் எழுந்து இருந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவர் விழுந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கூரை ஓடு ஒன்று வந்து சிதறியிருந்தது. அவர் அந்த ஓட்டுத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பெரியப்பாவைக் கதிரையில் இருத்திவிட்டு முன்னால் நின்றார். நான் அப்பாவை அப்படிக் கண்டதில்லை.

"அண்ணை, பிள்ளையைக் காப்பாத்திப் போட்டியள், அதுக்கு உங்கடை காலிலை விழுவன். ஆனால் எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குக் கால் ஏலுமோ, ஏலாதோ?"

"தெரியாது," என்றார் பெரியப்பா.

"அப்ப என்னெண்டு ஓடினனீங்கள்?"

"தெரியாது."

குரல் மெல்லியதாக, ஒரே சீராக இருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்த முகத்தில் எதுவும் எழுதப்பட முடியாது என்பது அன்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அகப்பட்டுக்கொண்டவன் அசையாமல் இருக்கிறான் என்றுதான் அப்பா எடுத்துக்கொண்டார். கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். துலாவுக்குக் கீழே நிறுத்தி, "ஏறுங்கோ" என்றார். பெரியப்பா ஏணியில் ஒரு கையை வைத்தார். அப்படியே நின்றார். அப்பா காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே ஏறி மிதிக்கத் தொடங்கினார். இறைப்பு முடியும் வரைக்கும் பெரியப்பா ஏணியில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஊருக்குள் கதை அன்று மத்தியானமே போய்விட்டது. அதைப்பற்றி எனக்குக் கவலை இல்லை. பெரியப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பது எனக்குப் பெரிய பெருமையும் புளுகமுமாக இருந்தது. எனக்கு விளங்காதது பெரியம்மாவின் பேச்சு நின்றதுதான். பெரியப்பாவுக்குச் சோறு போட்டார், குளிக்க வார்த்தார், உடுப்புத் தோய்த்தார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. விடிய முற்றம் கூட்டினார், கோடு போடவில்லை. சாம்பல் வாழையடிக்குப் போனது.

அம்மாவோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு நாள் சொன்னார். நான் பக்கத்தில் படுத்திருந்தேன்.

"பிள்ளையைத் தூக்கினது நல்லதுதான், நானும் அதைத்தான் செய்திருப்பன். ஆனால் இவ்வளவு நாளும் ஓடக்கூடிய காலை வைச்சுக்கொண்டு என்னைப் பக்கத்திலை நிப்பாட்டி வைச்சிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் இதோடை சரி எண்டு கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான். எல்லாம் தெரிஞ்சுகொண்டு நிண்டவர். கடைசியிலை என்னைத் தள்ளிப்போட்டு ஓடிட்டார்."

அம்மா சுளகைக் கீழே வைத்தார். பெரியப்பாவை நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆளும் அன்றோடு இல்லாமல் போயிற்று.

பிறகும் பொம்பர் வந்தது. இந்த முறை பெரியம்மா எங்களோடு பங்கருக்குள் வந்தார். முதல் தடவையாக வந்தார். என்னருகில் இருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவும் அன்று வீட்டில் நின்றதால் உள்ளே இருந்தார். விறாந்தை ஓரத்தில் பெரியப்பா மட்டும் நின்றார்.

அப்பா போக எழும்பினார், பிறகு இருந்துவிட்டார். "வருவார்," என்றார். "பொம்பர் பதிஞ்சு வந்தால் கால் தன்பாட்டிலை வரும்."

"ஓம்," என்றார் பெரியம்மா.

பொம்பர் ஒரு சுற்றுச் சுற்றியது. முதல் குத்து எங்கோ மேற்கே விழுந்தது. பெரியப்பா வரவில்லை. நின்ற நிலையில், முகத்தில் ஒன்றுமில்லாமல், விரல்கள் மட்டும் உருண்டபடி, பங்கரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது பெரியம்மாவை என்று இப்போது நினைக்கிறேன். இரைச்சல் மறுபடி கிட்ட வந்தது.

"நாசமாய்ப் போன மனுசன்," என்றார் பெரியம்மா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பங்கருக்கு வெளியே ஏறினார். அப்பா கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார், அகப்படவில்லை.

பெரியம்மா ஓடவில்லை. முற்றத்தைக் கடந்து நடந்து போய்ப் பெரியப்பாவின் முன்னால் நின்றார். ஏதோ ஏசினார், என்ன என்று கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். சாம்பல் இல்லை, கோடு இல்லை. பிறகு தன்னுடைய வலது காலைப் பெரியப்பாவின் பாதத்துக்கு முன்னால் குறுக்கே நீட்டி வைத்தார்.

பெரியப்பா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். தன் காலைத் தூக்கிக் கடந்தார். பெரியம்மா ஒரு எட்டுப் பின்னே வந்து மற்றக் காலை நீட்டினார். அதையும் கடந்தார். இப்படியே, அவர் கால் வைக்க இவர் கடக்க, தலைக்கு மேலே பொம்பர் இரைய, முற்றத்தைத் தாண்டி வந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் காலை ஒருவர் கடக்கக்கூடாது. படுத்திருக்கும்போது தெரியாமல் கடந்துவிட்டால், கடந்தவரைக் கூப்பிட்டுத் திரும்பக் கடக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அதுவும் பெரியம்மா இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். நான் பங்கரின் வாயில் நின்று, "பெரியம்மா, அவரைத் திரும்பக் கடக்கச் சொல்லுங்கோ!" என்று உயிர் போகக் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தார்.

இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பெரியம்மா சேலையை இறக்கிவிட்டு மூலையில் இருந்தார். "மண் கொட்டும், தலையைக் குனியுங்கோ," என்று பெரியப்பாவிடம் சொன்னார். அவரோடு மறுபடி கதைக்கத் தொடங்கியது அந்தச் சொல்லோடுதான்.

அதன்பிறகு கோடு தேவைப்படவில்லை. எங்கே நின்றாலும் பெரியம்மா காலை வைப்பார், பெரியப்பா கடப்பார். கோயில் வாசலிலும் அப்படித்தான். பெண்சாதியின் காலைக் கடந்து சாமி கும்பிடப் போகிறார் என்று அதற்கும் ஊர் சிரித்தது. பெரியம்மா சிரிப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார், அதோடு சரி. குளிசை கடைசிவரை வரவில்லை. எங்கள் வலிகாமப் பக்கத்துச் சனம் முழுவதும் மூட்டை முடிச்சோடு எழும்பி நடந்த அந்த இடப்பெயர்வுக்கு முந்திய வருடம் பெரியப்பா சளிக் காய்ச்சலில் போய்விட்டார். அந்தச் சனத்துக்குள் அவரை எப்படி நடத்திக் கொண்டுபோயிருப்போம் என்று அப்பா அடிக்கடி சொல்வார். சொல்லும்போது கண் கலங்கும். துலாவடியில் நிறுத்தியதை நினைத்துத்தான் கலங்கினாரா, எனக்குத் தெரியாது.

நான் ஆசிரியையாகி வெகுகாலத்துக்குப் பிறகு, ஒரு பயிற்சி வகுப்புக்கு நரம்பு வைத்தியர் ஒருவர் வந்தார். ஒரு படம் போட்டுக் காட்டினார். ஒரு வயோதிபர் வாசலில் ஒட்டிப்போய் நிற்கிறார். தரையில் வெள்ளைப் பட்டி ஒட்டுகிறார்கள். அவர் ஒவ்வொன்றாகக் கடந்து விறுவிறென்று போகிறார். பழகிய அசைவுகளைத் தொடக்கிவிடுகிற இடம் மூளையின் ஆழத்தில் இருக்கிறது, அங்கே சுரப்புக் குறைந்தால் காலும் நல்லது, ஆசையும் இருக்கிறது, தொடக்கம் மட்டும் வராது என்றார் வைத்தியர். முகத்தின் சிரிப்பும் அப்படித்தான் போகிறது. ஆனால் கண்முன் ஒரு தடையைக் கண்டால் கட்டளை வேறு வழியால் இறங்கும். பெரிய ஆபத்து ஒன்று திடீரென்று வந்தாலும் சிலவேளை அப்படி ஓடிவிடுவார்கள், பிறகு கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது, கூப்பிட்டால் மறுபடி வரவும் வராது என்றார்.

அந்தச் சனிக்கிழமையே பெரியம்மாவிடம் போனேன். எண்பதைத் தாண்டியிருந்தார், காது மட்டும் கூர்மை. முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த முறையில் சொன்னேன்.

"ஆனையிறவுப் பாதை பூட்டிக் கிடக்கேக்கை நாங்கள் கொழும்புக்குப் போகாமல் விட்டமோ பெரியம்மா? கிளாலிக் கடலாலை போனமெல்லே? அதுமாதிரித்தான். பெரியப்பாவின்ரை தலைக்குள்ளை பெரிய பாதை பூட்டுப்பட்டிட்டுது. கோட்டைக் கண்டால் கட்டளை கடலாலை போகும். உங்கடை காலைக் கண்டாலும் போகும். அண்டைக்கு நான் முத்தத்திலை நிண்டதைக் கண்டதும் தன்பாட்டிலை போயிட்டுது. அவராய் உங்களைத் தள்ளேல்லை. ஓடவேணும் எண்டு நினைச்சு ஓடவுமில்லை."

பெரியம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவருக்கு மெய்யாவே கால் ஏலாமல்தான் இருந்ததோ?"

"ஓம்."

"நடிக்கேல்லை?"

"இல்லைப் பெரியம்மா."

அவர் முற்றத்தைப் பார்த்தார். பிறகு, "நான் இவ்வளவு காலமும் நடிப்பெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப ஏன் பங்கருக்காலை எழும்பிப் போனனீங்கள்? பிறகு அத்தனை வருசமும் ஏன் கால் வைச்சனீங்கள்?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பாடம் விளங்காத பிள்ளையை நான் பார்க்கிற பார்வை அது.

"நடிக்கிறார் எண்டால்? அதுக்காக மனுசனைப் பொம்பருக்குக் குடுத்திட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்தியை எடுத்து, சீவிய முருங்கைக்காயையே மறுபடி சீவத் தொடங்கினார்.

அன்று பங்கரின் வாயில் நின்று பார்த்தபோது, பெரியப்பா நடிக்கவில்லை என்பதைப் பெரியம்மா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் திரும்பிப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஒன்றையும் கண்டுபிடிக்காமலேதான் போனார் என்பது பங்கரின் வாயில் நின்ற அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. காலைத் திரும்பக் கடக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்திருந்தது.